ஆராய்ச்சி மாணவரின் பயிற்சித் திட்டம்

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பாடம் கேட்டிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என ஐயர் பெரியதொரு பட்டியலைச் சொன்னார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்பது அடுத்து வந்த கேள்வி. இல்லை என்பதே ஐயர் தந்த விடை.

பின்னர்ச் சிந்தாமணி ஏடு அவர் கைக்கு வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் கற்றவர் அவர். எனினும், தம்மிடம் இல்லாதவை எவை என்பதை அந்த ஏடு அவருக்குக் காட்டிற்று. சமண சமயக் கொள்கைகளும் மரபுச் சொற்களும் அறியாமல் அந்நூல் விளங்காது. ஆகவே, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டுக் கற்றார். நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாமல் காட்டும் மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று அறியப் பழைய ஏடுகளைத் தேடினார். பல பிரதிகளை ஒப்புநோக்கிச் சரியான பாடத்தைத் தெரிந்தெடுக்கப் பழகினார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது.

இடையே கழிந்தவை ஏழு ஆண்டுகள். அவ்வளவும் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே செய்த வேலை. இத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று அவருக்குக் கெடு வைத்தவர் எவரும் இல்லை. இன்று டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யப் பதிந்துகொள்ளும் தமிழாசிரியரின் நிலை வேறு. முழுநேர மாணவருக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு, பகுதிநேர மாணவருக்கு ஆறு அல்லது ஏழு ஆண்டு என்று காலவரையறை செய்வது பல நாடுகளில் வழக்கம். இல்லாத திறனைத் தற்செயலாகக் கண்டு, அதன் பிறகு தேடிக் கற்க அந்தக் காலம் போதாது. ஆகவே, என்ன கற்க வேண்டும், எதை முன்னே கற்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணித் திட்டமிடுதல் இன்றியமையாதது. அதனை எவ்வாறு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வினாவே பட்டியலைத் தரும்

ஆராய்ச்சி மாணவர் பலர் செய்யும் முதல் தவறு, பல்கலைக்கழகம் அறிவிக்கும் பயிலரங்குகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுப்பது. இது கடைக்குச் சென்ற பிறகு என்ன சமைப்பது என்று எண்ணுவது போன்றது. எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி வினாவிலிருந்தே திறன்களின் பட்டியல் பிறக்க வேண்டும்.

இதற்கு நம் மண்ணோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. 1933-இல் கோலாலம்பூரில் பிறந்த க. கைலாசபதி, இலங்கையில் தமிழ் கற்றுப் பத்திரிகையாசிரியராகப் பணிபுரிந்து, பின்பு இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 1966-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன். இவர் கிரேக்க மொழிப் பேராசிரியர். சங்கச் செய்யுட்கள் ஆராய்ச்சிக்குக் கிரேக்கப் பேராசிரியர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அச்செய்யுட்கள் வாய்மொழி மரபில் தோன்றியவையா என்பதைக் கைலாசபதி ஆராய்ந்தார். வினா தமிழைப் பற்றியது. அதற்கு வேண்டிய கருவியோ ஹோமர் ஆராய்ச்சியில் உருவாகியிருந்தது. தமிழ்ப் புலமை மட்டும் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண இயலாது. பிறமொழி வீரநிலைப் பாடல்களையும், அவற்றை ஆராயும் முறையையும் கற்றாக வேண்டும். அவ்வாறு எழுந்த நூல் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அந்தக் கருவியை ஆக்கிய மில்மன் பரியின் வரலாறும் இதையே சொல்கிறது. ஹோமர் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை ஆராய்ந்து 1928-இல் பாரிசில் டாக்டர் பட்டம் பெற்ற இந்த அமெரிக்க அறிஞர், அப்பாடல்கள் வாய்மொழியாகப் பிறந்தவை எனக் காட்ட ஏட்டுக் கல்வி மட்டும் போதாது என்று கண்டார். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் நெடுங்கதைப் பாடகர்களை நாடிச் சென்றார். அந்நாட்டு மொழியைக் கற்றார். ஒலிப்பதிவுக் கருவியைக் கையாண்டார். 3,500-க்கு மேற்பட்ட அலுமினியத் தட்டுகளில் பாடல்களைப் பதிவு செய்து திரும்பினார். கிரேக்கம் படித்தவர் ஒலிப்பதிவு செய்யக் கற்றது எதனால்? அவர் எழுப்பிய வினா அதனைக் கேட்டது.

பிரிட்டன் கண்ட வழி

தனி மனிதர் தாமே கண்டுகொண்ட இவ்வழியை ஒரு நாடு முழுமைக்கும் ஒழுங்காக்க முயன்றது பிரிட்டன். சர் கேரத் ராபர்ட்ஸ் என்பவர் அறிவியல், பொறியியல் துறைகளுக்கான ஆட்பலம் குறித்து 2002-இல் அந்நாட்டு அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். டாக்டர் பட்டத்திற்கான பயிற்சி மாணவரைப் பல்கலைக்கழகப் பணிக்கும் தொழில்துறைப் பணிக்கும் போதிய அளவில் ஆயத்தப்படுத்தவில்லை என்பது அதில் எழுந்த குறை. ஆண்டுதோறும் குறைந்தது இரண்டு வாரம் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதற்கென அரசுப் பணமும் ஒதுக்கப்பட்டது.

இதன் தொடர்ச்சியாக, வீட்டே என்னும் அமைப்பு 2010-இல் ஆராய்ச்சியாளர் வளர்ச்சிக்கான சட்டகம் ஒன்றை வெளியிட்டது. அறிவும் சிந்தனைத் திறமும், தன்னை ஆளும் திறம், ஆராய்ச்சியை ஒழுங்காகவும் நெறியாகவும் நடத்தும் திறம், பிறரோடு பழகிப் பயன் விளைவிக்கும் திறம் என்று நான்கு பெரும் பிரிவுகள். அவற்றுள் 12 உட்பிரிவுகள். அவற்றுள் 63 கூறுகள்.

இச்சட்டகத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆராய்ச்சி என்றால் நூல் படித்து நூல் எழுதுவது என்ற குறுகிய எண்ணத்தை அது மாற்றிற்று. ஆயின், 63 கூறுகளையும் ஒருவர் நிரப்ப முற்பட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும். ஆண்டுக்கு இரண்டு வாரம் என்னும் கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாண்டில் கிடைப்பவை 30 வேலை நாட்கள். கூட்டத்தில் பேசவும் நேரத்தைப் பகுத்துக்கொள்ளவும் அவை உதவும். வட்டெழுத்துப் படிக்கவோ புள்ளியியல் அறியவோ அவை போதா. சட்டகத்தைக் கண்ணாடி போலப் பயன்படுத்தி நம் குறையைக் காண வேண்டும். அதனைப் பாடத்திட்டமாகக் கொள்ளுதல் தகாது.

மெதுவாக விளைவதை முதலில் விதைக்க

திறன்கள் எல்லாம் ஒரே வேகத்தில் விளைவன அல்ல. சில, மாதக்கணக்கில் விளைவன. பழைய எழுத்து, புதிய மொழி, புள்ளியியல், ஆங்கிலத்திலோ தமிழிலோ செறிவாக எழுதும் ஆற்றல் ஆகியவை இவ்வகை. ஓலைச்சுவடியிலும் கல்வெட்டிலும் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரியாது. அவற்றைப் பார்த்துப் பார்த்தே கண் பழக வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கில் இது வாராது.

வேறு சில, வாரக்கணக்கில் விளைவன. நேர்காணல் நடத்துதல், பேச்சை எழுத்தில் பெயர்த்தல், ஆவணக் காப்பகத்தில் தேடுதல் போன்றவை இவ்வகை. மற்றும் சில, ஒரே நாளில் கற்கத்தக்கவை. மேற்கோள் குறிப்புகளைத் தொகுக்கும் மென்பொருள், படக்காட்சியுடன் பேசுதல் போன்றவை இவ்வகை.

மாணவர் பெரும்பாலும் எளியவற்றை முதலில் கற்றுச் சான்றிதழும் பெற்றுவிடுகின்றனர். மெதுவாக விளைவன பின்தள்ளப்படுகின்றன. மூன்றாம் ஆண்டில் அவை தேவைப்படும்போது காலம் கடந்துவிடுகிறது. முறை தலைகீழாக வேண்டும். மென்பொருளை வேண்டியபோது கற்கலாம். எழுத்தையும் மொழியையும் கணக்கையும் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

ஓர் ஆசிரியரின் கணக்கு

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் தமிழில் கதை சொல்லும்போது எவ்விடங்களில் ஆங்கிலத்திற்கு மாறுகிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. பகுதிநேரமாக ஆராய்கிறார். வாரம் 6 மணி நேரம் ஒதுக்க முடியும்.

முதலில் காலத்தைக் கணக்கிடுவோம். ஆண்டுக்கு 48 வாரம் உழைத்தால் 288 மணி நேரம். ஆறாண்டில் 1,728 மணி. வாரம் 40 மணி உழைக்கும் முழுநேர மாணவர் இதனை 44 வாரத்தில் செய்து முடித்துவிடுவார். அஃதாவது, இவருடைய ஆறாண்டு அவருடைய ஓராண்டுக்கும் குறைவு. இக்கணக்கை முதல் நாளே போட்டுப் பார்ப்பவர், பள்ளி விடுமுறைகளைக் காத்துக்கொள்வார். வாரத்திற்கு இன்னும் சில மணி நேரம் தேடுவார். அல்லது வினாவைச் சுருக்குவார். போட்டுப் பாராதவர் ஐந்தாம் ஆண்டில் தம் அறிவையே ஐயுறத் தொடங்குவார். குறை அறிவில் இல்லை, கணக்கில் இருந்தது.

இனி, அவ்வினா கேட்கும் திறன்கள். 40 பிள்ளைகளிடம் ஆளுக்கு 15 நிமிடம் பதிவு செய்தால் 10 மணி நேரப் பேச்சு சேரும். குழந்தைப் பேச்சும் மொழிக் கலப்பும் உள்ள ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் பெயர்க்க 8 மணி ஆகும் என்று கொள்வோம். மொத்தம் 80 மணி. பள்ளி நாட்களில் இது 13 வாரத்திற்கு மேல் இழுக்கும். ஜூன் விடுமுறையில் நாளுக்கு 6 மணி வீதம் உட்கார்ந்தால் மூன்று வாரத்திற்குள் முடியும். இத்தகைய தொடர்வேலை விடுமுறைக்கு உரியது. புள்ளியியலோ புதிய எழுத்தோ நாளுக்கு அரைமணி வீதம் பள்ளி நாட்களிலேயே பயிலத்தக்கது. உண்மையில், சிறிது சிறிதாகக் கற்பதே அவற்றுக்கு ஏற்றது.

எண்ணிக்கை வரும் ஆராய்ச்சியாதலின் புள்ளியியலும் வேண்டும். அதனைப் பதிவுக்கு முன்பே கற்க வேண்டும். 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் அறிஞர் ஃபிஷர் இதனை நயமாக உணர்த்தினார். சோதனையை முடித்துவிட்டுப் புள்ளியியலாரிடம் வருவது, இறந்தவர் உடலை அறுத்துக் காரணம் கேட்பது போன்றது என்பது அவர் கருத்து. 40 பிள்ளைகள் போதுமா என்ற கேள்வியை நாற்பதாவது பிள்ளை பேசி முடித்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

அடுத்து, ஆராய்ச்சி நெறி. பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்யப் பல்கலைக்கழக நெறிக்குழுவின் இசைவும், கல்வி அமைச்சின் அனுமதியும், பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். ஆசிரியரே ஆராய்ச்சியாளராக வரும்போது, மறுத்தால் ஆசிரியர் வருந்துவாரோ என்று பெற்றோர் அஞ்சக்கூடும். அவ்வச்சம் எழாதவாறு கேட்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறனே. இசைவின்றித் திரட்டிய பதிவு எவ்வளவு அரியதாயினும் பயன்படாது போகும்.

ஒரு பக்கத் திட்டம்

திட்டம் நீண்டிருக்கத் தேவையில்லை. ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போதும். என்ன திறன், வினாவின் எப்பகுதிக்கு அது வேண்டும், யாரிடம் அல்லது எங்கே கற்பது, எந்த மாதத்திற்குள், கற்றதற்குச் சான்று என்ன.

ஐந்தாவது கட்டமே உயிரானது. அதில் சான்றிதழ் என்று எழுதலாகாது. எழுத்தில் பெயர்த்த ஒரு பதிவு, தாமே கணக்கிட்ட ஓர் அட்டவணை, பிறர் துணையின்றிப் படித்த ஒரு கல்வெட்டு, வழிகாட்டும் பேராசிரியர் திருத்தித் தந்த பத்துப் பக்கம் என்றவாறு செய்துகாட்டிய வேலையையே எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பயிலரங்கின் பெயர் மட்டும் வருதல் வேண்டா. நூலகர், பக்கத்துத் துறை மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோரும் வரலாம். ஐயர் சமணக் கொள்கையைக் கல்லூரியில் கற்கவில்லை. அறிந்தவர் வீட்டிற்குச் சென்று கற்றார்.

ஆறு மாதத்திற்கு ஒரு முறை பேராசிரியருடன் அமர்ந்து இத்தாளைத் திருத்த வேண்டும். வினா மாறினால் திறனும் மாறும். தேவையற்றுப் போனதை அடிக்கத் தயங்கலாகாது.

வினாவுக்கு வேண்டியதை மட்டுமே கற்றால் பட்டம் பெற்ற பின் வாழ்வுக்கு என்ன செய்வது என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வி. டாக்டர் பட்டம் பெற்றோர் அனைவரும் பல்கலைக்கழகத்தில் அமர்வதில்லை. ஆதலின், ஆண்டுக்கு ஒன்றேனும் பிறருக்குப் பயன்படும் திறனுக்கு இடம் விட வேண்டும். பாடநூல் எழுதுதல், சக ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தல், கண்டதைப் பொதுமக்களுக்கு எளிய தமிழில் சொல்லுதல் ஆகியவை நம் ஆசிரியருக்கு ஏற்றவை. அவ்வாறு வகுப்பறைக்குத் திரும்பி வரும் ஆராய்ச்சியே மாணவருக்கும் பயன் தரும்.

ஆய்வேடு முடிந்ததும் நூலகத்தின் அலமாரிக்குச் சென்றுவிடும். அதனை எழுதக் கற்ற திறன்கள் எழுதியவரோடு நிற்கும். சிந்தாமணிக்காகப் பெற்ற பயிற்சியே ஐயரைப் பத்துப்பாட்டுக்கும் சிலப்பதிகாரத்திற்கும் புறநானூற்றுக்கும் அழைத்துச் சென்றது. அந்த முதல் நாளில் முதலியாரிடம் அவர் மறைக்காமல் சொன்ன விடை, இல்லை என்பது. ஆராய்ச்சியில் இறங்கும் ஆசிரியரும் தம்மிடம் இல்லாதவை எவை என்று முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதுவாராக. திட்டம் அங்கிருந்து தொடங்கும்.