நைட்ரஜனும் ஐந்து புள்ளிகளும்

தாய்மொழியில் பயின்று இங்கு வந்துள்ள முதலாண்டுத் தோழர் சிலர், வேதியியல் வகுப்பில் புள்ளிப் படம் என்றதும் மருள்வதைக் காண்கிறேன். மருள வேண்டியதில்லை. மொழிதான் புதிது, கணக்கு, கூட்டலும் கழித்தலுமே. அதனை நம் மொழியிலேயே சொல்ல விழைகிறேன்.

அணுவின் வெளிக்கூட்டிலுள்ள எலெக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் கொண்டு பிணைப்பை விளக்கும் கருத்தை 1916-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ் வெளியிட்டார். இரண்டு அணுக்கள் இரு புள்ளிகளைப் பொதுவில் வைத்துக்கொள்வது ஒரு பிணைப்பு. ஹைட்ரஜனுக்கு இரண்டு நிறைவு. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் எட்டு.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனுக்கு ஐந்து, மூன்று ஹைட்ரஜனுக்கு மூன்று. ஆக எட்டுப் புள்ளிகள். நைட்ரஜனை நடுவில் எழுதி மூன்று பிணைப்புகளை இட்டால் ஆறு செலவாகும். மிஞ்சிய இரண்டையும் நைட்ரஜன் மீதே இடுக. பலரும் மறப்பது இவ்விரண்டைத்தான். ஆனால், அம்மோனியா காரமாக இருப்பதற்குக் காரணமே இவைதாம்! தன்னிடம் எலெக்ட்ரானே இல்லாமல் வரும் ஹைட்ரஜன் அயனிக்கு இடந்தருவது இந்தத் தனி இணையன்றோ? அவ்வாறு பிறக்கும் அம்மோனியம் அயனியில் ஐந்தும் நான்கும் ஒன்பது. நேர்மின்னேற்றத்துக்காக ஒன்றைக் கழித்தால் மீண்டும் எட்டு.

அடுத்து, நைட்ரஜன் வாயு. மொத்தம் பத்துப் புள்ளிகள். ஒரே பிணைப்பை இட்டு, எஞ்சிய எட்டைப் பகிர்ந்தளித்தால் ஒவ்வோர் அணுவுக்கும் ஆறுதான் கிட்டும். ஆகவே இருபுறமிருந்தும் ஓரிணையை நடுவுக்கு நகர்த்துக; முப்பிணைப்பு உண்டாகிவிடும். ஒரு மோல் வாயுவில் இதனை உடைக்கச் சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் நெற்பயிர் அதனை நேரே உண்ண முடியாமல், உழவர் உரத்தை நாடுவதன் காரணம் இதுவே.

நைட்ரிக் அமிலத்தில்தான் பெரும் பொறி. நைட்ரஜனுக்கு ஐந்து பிணைப்பு வரைந்துவிடுவோர் உண்டு. அதன் வெளிக்கூட்டில் நான்கு இணைகளுக்கே இடம். மொத்தம் 24 புள்ளிகள். ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து, நைட்ரஜனைச் சுற்றி ஓர் இரட்டைப் பிணைப்பும் இரண்டு ஒற்றைப் பிணைப்புகளும் இடுக. அப்போது நைட்ரஜன் மீது நேர்மின்னேற்றமும், ஹைட்ரஜன் சேராத ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன் மீது எதிர்மின்னேற்றமும் குறிக்கவேண்டும்.

விதிக்கு அடங்காததும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடில் பதினொரு புள்ளிகள். எப்படி வரைந்தாலும் ஒன்று துணையின்றி நிற்கும். அதனை நைட்ரஜன் மீது இடுவது வழக்கம். இவ்வாயு நம் இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் தூதுப்பொருள் என்று கண்டவர்களுக்கு 1998-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி ஹைட்ரசீனையும் ஹைட்ரஜன் சயனைடையும் நீங்களே வரைந்து பாருங்கள். முன்னதற்குப் பதினான்கு, பின்னதற்குப் பத்து. விடை சரியா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. புள்ளிகளை எண்ணினால் அவையே சொல்லிவிடும்.