காணாமல் போன 11 கணினிகள்

"அண்ணா, 60 மிஷின்ல 11 காணோமாம். என்னைத்தான் கேக்கறாங்க. சிபியுவை எல்லாம் நான் எங்கண்ணா தூக்கிட்டுப் போவேன்?"

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் போன மாதம் இப்படி வந்து நின்றார். திருச்சியில் மூன்று கிளைகள் உள்ள ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்பு வேலை. எல்லாக் கணினிகளிலும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது ஒவ்வொன்றின் வன்பொருள் விவரத்தையும் சர்வருக்கு அனுப்பும். சர்வரில் 49 பெயர்கள்தான் இருந்தன. ஆடிட் ஆட்கள் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிட்டார்கள். யாரும் போய் எண்ணிப் பார்க்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் எண்ணினோம். 60 இருந்தது. அப்படியென்றால் தவறு பட்டியலில். எங்கே?

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானது. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. அச்சில் ஒரு சொல் இடித்தால் மைப்படியைப் பார்க்க வேண்டும், அதிலும் இடித்தால் கல்லையே பார்க்க வேண்டும். கணினியிலும் அதே மூன்று படிகள்தான்.

கல்: பயாஸ். மதர்போர்டில் எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணை இருக்கும். தயாரிப்பாளர் பெயர், சீரியல் எண், யூயூஐடி எல்லாம் அதில்தான். அசெம்பிள் செய்த கணினிகளில் பல சமயம் இதை யாரும் நிரப்புவதில்லை. சீரியல் எண் கேட்டால் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்று வரும். போர்டு மாற்றிய கணினியில் பழைய எண்ணை எழுத மறந்திருப்பார்கள். திருப்பணியில் கல் இடம் மாறிய கதைதான்.

மைப்படி: டபிள்யூஎம்ஐ. விண்டோஸ் அந்த அட்டவணையைப் படித்துக் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் அடுக்கு இது. இதற்கும் கோளாறு உண்டு. வின்32_வீடியோகன்ட்ரோலரில் நினைவக அளவு 32 பிட் எண். 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. களஞ்சியம் பழுதானால் விவரமே வராது. வின்எம்ஜிஎம்டி கட்டளையில் வெரிஃபைரெபாசிட்டரி கொடுத்துச் சோதிக்கலாம். பழுது என்றால் சால்வேஜ்ரெபாசிட்டரி. எடுத்த எடுப்பில் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

அச்சு: சர்வர். மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜர் முதல் தடவை முழு விவரம் வாங்கும். பிறகு மாறியதை மட்டும் வாங்கும். இயல்பாக 7 நாளுக்கு ஒருமுறை. நேற்று ராம் போட்டுவிட்டு இன்று சர்வரில் தேடினால் எப்படி இருக்கும்? கடைசியாக விவரம் வந்த தேதியை முதலில் பாருங்கள்.

நம் கதைக்கு வருவோம். சர்வர் பட்டியலில் ஒரு பதிவு மட்டும் விசித்திரமாக இருந்தது. காலையில் அதன் பெயர் ஒரு கிளையின் கணினி, மதியம் வேறு கிளையின் கணினி. ஒரே பதிவில் பலர் மாறி மாறி எழுதுகிறார்கள்! பவர்ஷெல்லில் ஒவ்வொரு கணினியின் யூயூஐடியையும் கேட்டோம். 12 கணினிகள் ஒரே பதிலைச் சொன்னன: 03000200-0400-0500-0006-000700080009. நிரப்பப்படாத போர்டுகளில் வரும் பிரபலமான எண் இது. அந்த சர்வர் யூயூஐடியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. ஆக 12 கணினிகள் ஒன்றாகிவிட்டன, 11 'காணோம்'.

தவறு கல்லிலேயே இருந்ததால் விண்டோஸை மறுபடி நிறுவியும் பயன் இருந்திருக்காது. போர்டு தயாரிப்பாளரின் கருவியால் ஒவ்வொன்றுக்கும் தனி யூயூஐடி எழுதினோம். மேக் முகவரியை வைத்து அடையாளம் காணச் சொல்லலாமே என்று தோன்றும். ஒரே யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைப் பலர் மாற்றிச் சொருகினால் அங்கேயும் இதே குழப்பம்தான்.

அடுத்த வாரம் சர்வரில் 60 வந்தது. தம்பியிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லையாம். "பரவாயில்லண்ணா, வேலை இருக்கு" என்றார்.

உங்கள் அலுவலகத்திலும் பட்டியலில் ஏதாவது குறைந்தால், ஆளைக் கேட்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.