அமீர் நடக்க வேண்டிய இடம்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்ற செய்தி வந்துவிட்டால் போதும். நம் முஹல்லாக்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். பல குடும்பங்கள் ஒன்றுகூடி, தென்காசியிலிருந்து மேலகரம் வழியாக நடந்தே செல்வதும் உண்டு. ஐந்தாறு கிலோமீட்டர்தான். சோற்றுத் தேக்சா முதல் துண்டு, பாய் வரை அனைத்தும் நினைவாக எடுத்துவைக்கப்படும். ஆனால், இக்கூட்டத்திற்கு அமீர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

மூவர் பயணம் புறப்பட்டாலே ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முப்பது பேர் செல்லும்போது சொல்லவும் வேண்டுமோ!

அமீர் என்றால் அனைவருக்கும் முன்னே விரைந்து நடப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வருவார்கள். பலவீனமானவரின் வாகனத்தை மெல்ல முடுக்கிவிடுவார்கள். இயலாதவரைத் தமக்குப் பின்னே ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காக துஆ செய்வார்கள். இதனை அறிவிப்பவர் ஜாபிர் (ரலி) அவர்கள். ஆகவே, வழி தெரிந்த ஒருவரை முன்னே அனுப்பி, பாதை பிரியும் இடந்தோறும் நிற்கச் சொல்லிவிட்டு, அமீர் கடைசியில் நடப்பதே முறை.

பொதுவாக நடப்பது என்ன? வாலிபர்கள் முன்னே ஓடி, மரநிழலில் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள். வயது முதிர்ந்த உம்மா மூச்சிரைக்க வந்து சேரும் வேளையில், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே இல்லை! கடைசி ஆள் வந்து அமர்ந்த பிறகே ஓய்வு நேரத்தைக் கணக்கிட வேண்டும். பின்னால் முதியோரும் நோயாளிகளும் நிற்பதை எண்ணி இமாம் தொழுகையை இலகுவாக்க வேண்டும் என்ற போதனை பாதைக்கும் பொருந்தும். விரைந்தோடும் வாலிபர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தேக்சாவைத் தூக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். வேகம் தானே குறையும்.

எல்லாவற்றிலும் இணங்கிச் செல்லும் அமீர் நீர்நிலையில் மட்டும் இணங்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து வந்தது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியின் அடியில் நிற்பவருக்கு மலையுச்சியில் பெய்யும் மழை தெரியாது. நீர் கலங்கினாலோ, இரைச்சல் மிகுந்தாலோ, காவலர் விசில் ஊதினாலோ உடனே கரையேற வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே, வீட்டு வாசலில் வைத்தே அனைவரிடமும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்பவர் மாமனாராக இருந்தாலும் சரியே. அதுபோல், செண்பகாதேவி அருவிக்கு மேலேறும் ஆசையும் வனத்துறையின் அனுமதிக்கு உட்பட்டது.

பெண்கள் தனியே குளிக்கும் பகுதிக்குச் செல்லும்போது, அங்கே பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை ஒரு சகோதரியிடம் விடுவது நலம். எண்ணிக்கை குறைந்தால் ஒருவரும் நகரக் கூடாது.

ஒரு சிறு மஸ்அலா: தென்காசியிலிருந்து செல்பவர்களுக்கு இத்தொலைவு கஸ்ருக்குப் போதாது. லுஹர் நான்கு ரக்அத்துகளே. கூட வந்த வெளியூர் விருந்தினர் முஸாபிராக இருந்தாலும், உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும்போது அவரும் நான்கே தொழுவார்.