சிவப்புச் சீட்டு ஒட்ட ஓர் ஆள்!

கோயமுத்தூர்க்காரர்களிடம் மோட்டார் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்தே மில்லும் மோட்டாருமாக வளர்ந்த ஊர்!

கணபதி பக்கம் ஒரு சின்ன பம்ப் கம்பெனிக்குப் போயிருந்தேன். சுவரில் ஐ.எஸ்.ஓ. சர்ட்டிபிகேட். கண்ணாடிச் சட்டம், சந்தனப் பொட்டு, ஊதுபத்தி சகிதம்!

"பூஜை போட்டா மோட்டார் எரியாதுங்களா?" என்றேன்.

டெஸ்டிங் பெரியவர் சிரித்தார். "கும்புடறது அங்க, வேலை இங்க. வாங்க தம்பி."

தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் காயில் கம்பி நனைந்தபடியேதான் ஓட வேண்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கரண்ட் கசியும். அதனால் தண்ணீரில் ஊறப்போட்டு 'மெகர்' வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு பம்ப்பை ஓடவிட்டு, எத்தனை உயரம், எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர் என்று குறிக்கிறார்கள். இந்த பம்ப்புகளுக்கென்றே ஐ.எஸ். 8034 என்று இந்தியத் தர விதி இருக்கிறது.

ஓட்டையை இங்கேயே பிடித்தால் ஒரு காயிலோடு போயிற்று. விட்டால்? அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடி போரில் இறங்கிவிடும். பைப் பைப்பாகக் கழற்றி மேலே தூக்குவதற்குள் வாழை வாடிவிடும். எர்த்தும் சரியில்லையென்றால் உயிருக்கே ஆபத்து.

"ஒரு மாசக் கடைசிங்க. லாரி வாசல்ல நிக்குது. மெகர் முள்ளு எறங்கிப் போச்சு. 'அனுப்பிரலாமுங்க'ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் செவப்புச் சீட்டு ஒட்டிட்டேன்."

"முதலாளி?"

"ரெண்டு நாள் பேசலீங்க. மூணாம் நாள் டெஸ்டிங்கைத் தனியாப் பிரிச்சுட்டாரு. இப்ப புரொடக்‌ஷன் மேனேஜர் எனக்கு உத்தரவு போட முடியாதுங்க!"

தர நிர்வாகத்தின் உயிர்நாடியே இதுதான். டார்கெட் வைத்திருப்பவரும் தடுக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால், மாசக் கடைசியில் டார்கெட்தான் ஜெயிக்கும். 1986-ல் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தின இரவு, 'இந்தக் குளிரில் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது' என்று இன்ஜினீயர்கள் மன்றாடினார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. ஏழு உயிர்கள் போயின.

உங்கள் ஆபீஸிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்குமே? அடுத்த தடவை கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்: போடாமல் பேனாவை மூடிவைக்க உங்களுக்கு உரிமை உண்டா? இல்லையென்றால் அது சோதனை இல்லை சார், வெறும் ஊதுபத்தி!