10 வருஷத்துல 3 மடங்கு ஆகுமா ஒயின்? நெய்வேலித் தம்பியின் 2 லட்ச ரூபாய் கேள்வி

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்ட மறுநாளே நெய்வேலியிலிருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். அப்பா சுரங்கத்துல வேலை, அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வெளியே வீடு பார்க்க, அட்வான்ஸ் கொடுக்கன்னு தம்பி தன் சம்பளத்துல 2 லட்சம் சேர்த்து வச்சிருக்கார்.

இந்த நேரத்துல வெளிநாட்டிலிருந்து அத்தை பையன் வர்றார். கையில ஸ்பெயின் நாட்டு ரெட் ஒயின், ஒரு சின்னக் குடும்ப ஒயினரியோடது. "இது நல்ல ஸ்ட்ரக்சர் உள்ள ஒயின்டா, வைக்க வைக்க மதிப்பு ஏறும். அங்க 40 யூரோ, சென்னை ஸ்டார் ஹோட்டல்ல இதோட விலை 3 மடங்கு" என்கிறார். கூடவே ஒரு ஆப்பையும் காட்டுகிறார். பணம் போட்டா வெளிநாட்டு கோடவுன்ல உங்க பேர்ல ஒயின் வாங்கி வைப்பாங்களாம், 10 வருஷத்துல 3 மடங்காம்.

"அண்ணா, அந்த 2 லட்சத்தைப் போடலாமா?" இதுதான் கேள்வி.

முதல்ல, இந்த 'ஸ்ட்ரக்சர்'னா என்ன?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப்பழம் கடிச்சிருப்பீங்க. நாக்கைப் பிடிக்கும், தொண்டை கரகரக்கும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சைத் தோல், விதையிலயும் அது இருக்கு. இந்தத் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலா, ஒண்ணுக்கொண்ணு ஈடாக இருக்கும் ஒயினைத்தான் 'ஸ்ட்ரக்சர்' உள்ளதுன்னு சொல்றாங்க. வருஷம் போகப் போக அந்தக் கரடுமுரடு மென்மையாகும். இந்த அளவுக்கு அத்தை பையன் சொன்னது சரி.

ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் இதுக்குச் சட்டமே இருக்கு. சிவப்பு ஒயின் 'க்ரியான்சா'ன்னு லேபிள் போட குறைந்தது 2 வருஷம் வச்சிருக்கணும். 'ரெசெர்வா'ன்னா 3 வருஷம், 'கிரான் ரெசெர்வா'ன்னா 5 வருஷம். அதுல ஒரு பகுதி கட்டாயம் ஓக் மரப் பீப்பாயில். ஆரோ என்ற ஊரில் 1877-ல் தொடங்கிய லோபஸ் தே எரேடியா என்ற குடும்ப ஒயினரி, தன் 'தொந்தோனியா' ரெசெர்வாவைப் பீப்பாயில் மட்டுமே சுமார் 6 வருஷம் வைக்கிறது. பீப்பாயையும் அவங்களே செய்றாங்க.

காத்திருப்புக்குக் கூலி யாருக்கு?

நெய்வேலிக்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மண்ணை அள்ளி, நிலத்தடி நீரை இறைச்சு, பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். அதுவரைக்கும் செலவுதான், வரவு இல்லை. அந்தக் காத்திருப்பைத் தாங்க அரசாங்கத்தோட முதல் இருந்தது.

ஒயினரி குடும்பமும் அப்படித்தான். நிலம், கிடங்கு, பீப்பாய் எல்லாம் அவங்களுடையது. இந்த வருஷ அறுவடை தூங்கும்போது, பழைய அறுவடையை வித்துச் சம்பளம் கொடுப்பாங்க. அந்த 5, 6 வருஷக் காத்திருப்புக்கான கூலியை பாட்டில் விலையிலேயே சேர்த்துடுவாங்க. அதாவது, நீங்க பாட்டிலை வாங்கும்போதே அந்தக் கூலியைக் கொடுத்தாச்சு. அதே காத்திருப்புக்கு உங்களுக்கும் ஒருத்தர் பணம் தருவார்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, சென்னை ஹோட்டல்ல 3 மடங்கு விலை எப்படி? இறக்குமதி ஒயினுக்கு நம்ம நாட்டுல அடிப்படைச் சுங்க வரியே 150 சதவீதம்னு நீண்ட காலமா இருந்து வந்தது. அதோட மற்ற வரிகள், ஹோட்டலோட லாபம். அது வரியால ஏறின விலை, ஒயினோட வளர்ச்சி இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

10 வருஷத்துல 3 மடங்குன்னா வருஷத்துக்கு 11.6 சதவீதம். ஆப் சொன்னது அப்படியே நடந்துச்சுன்னே வச்சுக்குவோம். கிடங்கு வாடகை, இன்சூரன்ஸுக்கு வருஷம் 2 சதவீதம், விற்கும்போது கமிஷன் 10 சதவீதம்னு ஒரு உதாரணத்துக்கு எடுப்போம்.

• சொன்னபடி கிடைக்க வேண்டியது: 6 லட்சம்
• வாடகை, கமிஷன் போக: சுமார் 4.41 லட்சம்
• லாபத்துக்கு 12.5 சதவீத வரி போக: சுமார் 4.11 லட்சம்

இப்போ வருஷத்துக்கு 7.5 சதவீதம்தான். 2020 ஏப்ரலில் இருந்து 2025 வரை பிபிஎஃப் கொடுத்து வந்தது 7.1 சதவீதம், அதுவும் வரியில்லாம, அரசாங்க உத்தரவாதத்தோட. எல்லாம் நல்லபடியா நடந்தாலே நிலைமை இதுதான்!

நடக்கலைன்னா? லண்டனில் இருக்கும் லிவ்-எக்ஸ் ஒயின் சந்தையோட 100 ஒயின் குறியீடு 2022-ல் உச்சம் தொட்டுட்டு, 2023, 2024 ரெண்டு வருஷமும் இறங்குச்சு. அந்தக் குறியீட்டுல இருக்கறதெல்லாம் உலகமே தேடி வாங்கும் பெயர்கள். பேர் தெரியாத சின்ன ஒயினரியோட பாட்டில் எவ்வளவு ருசியா இருந்தாலும், திரும்ப வாங்க ஆள் வேணுமே?

பணம் போடறதுக்கு முன்னாடி 4 கேள்வி

1. எங்கே வைப்பீங்க? ஒயினுக்கு 12, 14 டிகிரி குளிர்ச்சி வேணும். நெய்வேலி மே மாத வெயில்ல பீரோவுக்குள்ள வச்சா வீணாகிடும்.

2. அசல்தானா? ரூடி குர்னியவான் என்பவர் போலி ஒயின் வித்துப் பெரிய பணக்காரர்களையே ஏமாத்தினார். 2014-ல் அமெரிக்க நீதிமன்றம் 10 வருஷம் சிறை கொடுத்தது. ஆப்ல தெரியற படத்தை வச்சு நீங்களும் நானும் என்ன கண்டுபிடிப்போம்?

3. யார்கிட்ட விற்பீங்க? தமிழ்நாட்டுல 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். லைசென்ஸ் இல்லாம நீங்க ஒரு பாட்டில் வித்தாலும் குற்றம். தங்கத்தை அடகுக் கடையில வைக்கலாம், இதை வைக்க முடியாது.

4. வரிக் கணக்குல காட்டுவீங்களா? வெளிநாட்டுச் சொத்து இருந்தா எளிமையான ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 போட்டு, அந்தச் சொத்தைத் தனி அட்டவணையில் காட்டணும்.

அப்போ தம்பி என்ன செய்யணும்?

அந்த 2 லட்சத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கு: அப்பா குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், அம்மா சாமான் இறக்க ஒரு வீடு. ஒரு வருஷத்துல தேவைப்படும் பணத்தை 10 வருஷ விஷயத்துல போடக் கூடாது. ஒயினுக்கு மட்டும் இல்ல, ஷேருக்கும் இதே விதிதான். பேங்க் எஃப்டி-ல போடுங்க. ஒரு வங்கியில 5 லட்சம் வரைக்கும் டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கு. வீடு மாறி முடிச்சதும், மாசம் மிச்சமாகும் பணத்துல எஸ்ஐபி ஆரம்பிங்க. காத்திருப்புக்கான கூலி அங்கே உங்களுக்கு வரட்டும்.

அந்த பாட்டில்? அது அன்பா வந்த பரிசு. அதைப் பரிசாவே பாருங்க. குடிக்கிறவங்க யாராவது காசு கொடுத்து வாங்கினா, பட்ஜெட்ல 'செலவு'ன்னு எழுதுங்க. 'முதலீடு'ன்னு எழுதாதீங்க.

ஆப்புக்கு 'வேண்டாம்'னு சொல்லிட்டேன்னு தம்பி நேத்து பதில் போட்டார். இப்போ அப்பாவும் மகனுமா வடலூர் பக்கம் வீடு பார்த்துட்டிருக்காங்களாம். நல்ல வீடா அமையட்டும்!