‘ஸ்டெல்த்’ விமானம் ரேடாருக்கே தெரியாதா? இந்தியா வாங்கணுமா, செய்யணுமா? முழு விளக்கம்

2025 ஜூன் 14-ஆம் தேதி இரவு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று அவசரமாகத் தரையிறங்கியது. மோசமான வானிலை, குறைந்துகொண்டே வந்த எரிபொருள் ஆகிய இரண்டும்தான் காரணம். பிறகு ஹைட்ராலிக் கோளாறும் சேர்ந்துகொள்ள, ஜூலை 22 வரை அது அங்கேயே நின்றது. கேரள சுற்றுலாத் துறை அந்த விமானத்தை வைத்து ஜாலியாக விளம்பரப் பதிவே போட்டது.

மீம்ஸ் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விமானத்தைக் கண்டறிந்து அடையாளம் கண்டதாக இந்திய விமானப்படை சொன்னதுதான் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ‘ரேடாரில் சிக்காத விமானம்னு சொன்னாங்களே, நம்ம ரேடாரில் எப்படிச் சிக்கியது?’ என்று பலரும் கேட்டார்கள்.

இதற்குப் பதில் தெரிய, முதலில் ‘ஸ்டெல்த்’ என்றால் என்னவென்று பார்க்க வேண்டும்.

ரேடாருக்குத் தெரியவே தெரியாதா?

தெரியும். ஆனால், ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

ரேடார் என்பது நெய்வேலி, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிய சொல் அல்ல. புயல் வரும்போதெல்லாம் காரைக்கால் ரேடார் படத்தைத்தான் எல்லோரும் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரேடார் ரேடியோ அலைகளை அனுப்பும். அவை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வந்தால், மேகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். போர் விமானத்தைத் தேடும் ரேடாரும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது.

ஸ்டெல்த் விமானம் செய்வது ஒன்றுதான். தன் மேல் படும் அலை, அனுப்பிய ரேடாருக்கே திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. சாய்வான வடிவத்தால் அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். மேல்பூச்சு ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஏவுகணைகளை இறக்கைக்குக் கீழே தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். இன்ஜின் வெப்பத்தையும் முடிந்தவரை மறைக்கும்.

இதனால் எவ்வளவு லாபம்?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. விமானத்தின் பிரதிபலிப்பை 16-ல் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் அதைப் பார்க்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். தூரத்தைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும் என்றால், பிரதிபலிப்பை 10,000-ல் ஒரு பங்காக்க வேண்டும். அதனால்தான் இந்தத் தொழில்நுட்பம் இவ்வளவு கடினம், இவ்வளவு செலவு.

ஓர் உதாரணம். காரைக்காலில் ஒரு ராணுவ ரேடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண போர் விமானத்தை அது 200 கி.மீ. தூரத்திலேயே பார்த்துவிடும் என்றால், நெய்வேலிக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே விமானம் தெரிந்துவிடும். பிரதிபலிப்பு 10,000-ல் ஒரு பங்காக உள்ள ஸ்டெல்த் விமானமோ நெய்வேலியைக் கடந்து, மயிலாடுதுறைப் பக்கமும் தாண்டி, 20 கி.மீ.க்குள் வந்த பிறகுதான் தெரியும்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் சாதாரண விமானத்தைச் சமாளிக்க 13 நிமிடம் கிடைக்கும். ஸ்டெல்த் என்றால் 80 விநாடிதான். ஏவுகணையைத் தயார் செய்ய, விமானத்தைக் கிளப்ப, மக்களை எச்சரிக்க, எல்லாவற்றுக்கும் அந்த 80 விநாடிதான்.

அப்போ திருவனந்தபுரத்தில் எப்படித் தெரிந்தது?

அந்த விமானம் ஒளிந்து வரவில்லை. தரையிறங்க அனுமதி கேட்டுத்தான் வந்தது. அமைதிக் காலத்தில் ஸ்டெல்த் விமானங்கள் பொதுவாகத் தங்கள் அடையாளத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரை ஆன் செய்திருக்கும். ரேடாரில் நன்றாகத் தெரிவதற்கென்றே பிரதிபலிப்பான்களை மாட்டிக்கொண்டு பறப்பதும் வழக்கம். ஆகவே, அந்தச் சம்பவத்தை வைத்து ‘ஸ்டெல்த் எல்லாம் சும்மா’ என்றும் சொல்ல முடியாது, நம் ரேடார் போர்க்காலத்திலும் பிடித்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

யார் கண்டுபிடித்தது?

அடிப்படைக் கணக்கைப் போட்டவர் சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்சேவ். 1962-ல் மாஸ்கோவில் அவருடைய ஆய்வு நூல் வெளியானது. அதைப் பிடித்துக்கொண்டது அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம். 1981-ல் எஃப்-117 ரகசியமாகப் பறந்தது. 1988-ல்தான் அப்படியொரு விமானம் இருப்பதையே அமெரிக்கா ஒப்புக்கொண்டது. 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் மீது குண்டு வீசியபோது உலகமே அதைப் பார்த்தது.

ஆனால், 1999 மார்ச் 27-ல் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. 1960-களில் வந்த எஸ்-125 ரக ஏவுகணையை வைத்தே செர்பியாவில் ஒரு எஃப்-117 வீழ்த்தப்பட்டது. குறைந்த அதிர்வெண் ரேடார்களுக்கு ஸ்டெல்த் விமானம் ஓரளவு தெரியும். அதோடு, விமானங்கள் ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போனதும் எதிரிக்கு வசதியாகிவிட்டது.

இன்னொரு பக்கம், 2025 ஜூனில் அமெரிக்காவின் 7 பி-2 விமானங்கள் ஈரானுக்குள் போய் அணுசக்தி மையங்கள் மீது குண்டு வீசிவிட்டுப் பத்திரமாகத் திரும்பின.

இந்தியாவிடம் இருக்கிறதா?

இல்லை. 2020-ல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட படைப்பிரிவின் சுகோய்-30, அதே ஆண்டு கோவை அருகே சூலூரில் தொடங்கப்பட்ட பிரிவின் தேஜஸ், பிரான்சிடம் வாங்கிய ரஃபேல்... எதுவுமே ஸ்டெல்த் விமானம் இல்லை.

சீனாவோ 2017-லேயே ஜே-20 விமானத்தைப் படையில் சேர்த்துவிட்டது. பாகிஸ்தானுக்கு 40 ஜே-35 விமானங்களைத் தர சீனா முன்வந்திருப்பதாக 2025 ஜூனில் பாகிஸ்தான் அரசு சொன்னது.

ரஷ்யாவோடு சேர்ந்து ஸ்டெல்த் விமானம் செய்ய 2010-ல் இந்தியா 29.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. செலவு, தொழில்நுட்பப் பகிர்வு என்று பிரச்சினை நீண்டு, 2018-ல் அதிலிருந்து விலகியது.

வாங்கலாமா?

2025 பிப்ரவரியில் எஃப்-35 விமானத்தை இந்தியாவுக்குத் தர வழி செய்வதாக டிரம்ப் அறிவித்தார். அதே மாதம் பெங்களூரு விமானக் கண்காட்சியில் எஃப்-35, ரஷ்யாவின் எஸ்யு-57 இரண்டுமே வந்து நின்றன. ஆனால், எஃப்-35 பற்றி முறைப்படி பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை என்று மத்திய அரசு அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது.

சிக்கல் விலை மட்டுமல்ல. ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பை வாங்கியதற்காக, 2019-ல் துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்தே அமெரிக்கா நீக்கியது. அதே எஸ்-400 இந்தியாவிடமும் இருக்கிறது. பராமரிப்பு, மென்பொருள் என்று எல்லாவற்றுக்கும் அமெரிக்காவையே நம்பியிருக்க வேண்டும் என்பது இன்னொரு கவலை.

நாமே செய்தால்?

அதற்குத்தான் ‘ஆம்கா’ திட்டம். சுமார் 25 டன் எடை, இரண்டு இன்ஜின், ஒரு விமானி. மாதிரி விமானங்களைச் செய்ய 2024 மார்ச்சில் சுமார் ரூ.15,000 கோடிக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது. 2025 மே மாதம், தனியார் நிறுவனங்களும் எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் சமமாகப் போட்டியிடலாம் என்று அறிவிக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சியை இணைக்கும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் உள்ள நிறுவனங்கள் இதைக் கவனிப்பதும் இதனால்தான்.

தயக்கம் வருவது காலக்கெடுவில். தேஜஸ் திட்டம் தொடங்கியது 1983-ல், முதன்முதலில் பறந்தது 2001-ல், படைப்பிரிவில் சேர்ந்தது 2016-ல். சொன்ன நேரத்தில் முடிந்த திட்டம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை என்று 2025 மே மாதம் விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் பொதுமேடையிலேயே சொன்னார். இன்ஜினும் பெரிய கேள்வி. முதல் ரக ஆம்காவுக்கு அமெரிக்காவின் ஜி.இ. நிறுவன இன்ஜின்தான். அடுத்த ரகத்துக்கு பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய இன்ஜின் உருவாக்கப் போவதாக அரசு சொல்லியிருக்கிறது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

2025 செப்டம்பரில் மிக்-21 விமானங்கள் ஓய்வுபெற்ற பிறகு, விமானப்படையின் போர் விமானப் பிரிவுகள் 29 ஆகக் குறைந்தன. அனுமதிக்கப்பட்டது 42. ‘ஒரு சில ஸ்டெல்த் விமானங்களை இப்போதே வாங்குங்கள்’ என்று ஒரு தரப்பும், ‘அந்தப் பணத்தில் தேஜஸை வேகமாகச் செய்யுங்கள், ரேடார், ஏவுகணையைப் பலப்படுத்துங்கள்’ என்று இன்னொரு தரப்பும் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆம்காவின் முதல் விமானம் 2028-29 வாக்கில் பறக்க வேண்டும், 2035 வாக்கில் படையில் சேர வேண்டும் என்பது திட்டம். அந்த முதல் தேதி தள்ளிப்போகிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான், வெளிநாட்டில் வாங்கும் பேச்சு மீண்டும் சூடுபிடிக்குமா என்பது தெரியும்.