சர்ச்சில் கவுன்சலிங் போகலாமா?



ஆடி மாதக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு அக்கா எங்களைத் தனியே கூப்பிட்டார். "ராத்திரி தூக்கமே வரல. சர்ச்சுல கவுன்சலிங் தர்றாங்களாம், போகலாமா?" என்றார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.)

தாராளமாகப் போகலாம். விசுவாசம் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பேசப் போகிறவர் கவுன்சலிங் படித்தவரா, ஜெபம் மட்டும் செய்பவரா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. சொல்வது வெளியே போகுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கக் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை பாதர் யாரிடமும் சொல்லக் கூடாது, அது திருச்சபைச் சட்டம். மற்றப் பேச்சுக்கு அந்தப் பூட்டு கிடையாது. நல்லெண்ணத்தில் 'ஜெபக்குறிப்பு' என்று சபையில் வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் இல்லையா?

முதல் நாள் பெரும்பாலும் நாம்தான் பேசுவோம். தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலவரம் கேட்பார்கள். ஒரே நாளில் தீராது, பலமுறை போக வேண்டிவரும். ஜெபமும் வேதவசனமும் இருக்கும். பெண் ஆலோசகர் வேண்டுமென்றும் கேட்கலாம்.

"மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடிக்கிற புருஷனைப் பொறுத்துப்போ என்று மட்டும் சொன்னாலும் அப்படித்தான். அதற்கு 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 181-க்குப் பேசுங்கள். சாகத் தோன்றினால் எந்த நேரமும் 14416, காசு கிடையாது.

அந்த அக்கா இப்போது புதன்கிழமை பாஸ்டரம்மாவிடமும், மாதம் ஒருதடவை ஜி.எச்.-க்கும் போய்வருகிறார்.